நுரை வந்தால்தான் சுத்தமா? மை அடைத்த பிரிண்டரும் தோட்டத்து ரப்பர் பாலும்

ஈப்போ: நீண்ட பள்ளி விடுமுறை முடிந்து பிரிண்டரைத் திறக்கும்போது பல வீடுகளில் ஒரே காட்சிதான். பிள்ளையின் பயிற்சித் தாளில் எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடு. சிவப்பு வர வேண்டிய இடத்தில் மஞ்சள். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பாடத் தாள், கோயில் திருவிழா அறிக்கை, அழைப்பிதழ் மாதிரி என்று பல வேலைகள் இந்தச் சிறு பெட்டியை நம்பித்தான் நடக்கின்றன. மை பீய்ச்சும் பாகமான பிரிண்ட் ஹெட் கெட்டுவிட்டால் அதை மாற்றும் செலவு பல மாடல்களில் புதிய பிரிண்டரின் விலையை நெருங்கிவிடும். அதனால் கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே கழுவிப் பார்க்கத் தோன்றுகிறது. கை நேராகப் போவது பாத்திரம் கழுவும் திரவத்துக்கு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மை வெளியேறும் துவாரங்கள் பொதுவாகத் தலைமுடியைவிட மெல்லியவை. அவற்றிலிருந்து மையைத் தள்ள இரண்டு வழிகள் உண்டு. கேனன், எச்பி பிரிண்டர்களில் ஒரு நுண்ணிய சூடேற்றி மையை நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் கொதிக்கவைக்கிறது; அதில் எழும் ஆவிக் குமிழி சொட்டை வெளியே தள்ளுகிறது. 1977-இல் கேனன் ஆய்வுக்கூடத்தில் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாக மை நிரப்பிய ஊசியில் பட, மை தெறித்ததாம். அதிலிருந்து பிறந்த யோசனை இது. எப்சன், பிரதர் பிரிண்டர்களில் சூடு இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் நெளியும் ஒரு சிறு படிகத் தகடு மையை அழுத்தித் தள்ளுகிறது.

இப்போது அந்த மை அறைக்குள் வெளிக்காற்று ஒரு குமிழியாகப் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். தகடு கொடுக்கும் அழுத்தத்தை அந்தக் குமிழி பஞ்சு மெத்தைபோல் வாங்கிக்கொள்ளும். சொட்டு வெளியே வராது. காய்ந்த மையை நீக்கப்போய், காற்றால் அடைத்த கதைதான். சூடேற்றும் வகையில் குமிழிதான் வேலையே செய்கிறது என்றாலும், அது தோன்றிய வேகத்தில் மறைந்துவிடும் ஆவிக் குமிழி. வெளியிலிருந்து புகுந்து தங்கிவிடும் காற்று அங்கும் இடைஞ்சலே.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பால் மரம் வெட்டிக் கொண்டுவந்த ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டுக் கலக்கியதும் மேலே நுரை திரளும். தகடுகளைச் செருகும் முன் அந்த நுரையை முழுவதுமாக வழித்தெடுப்பது கட்டாயமான வேலை. விட்டுவிட்டால் ரப்பர் ஷீட்டுக்குள் குமிழிகள் தங்கும். தரம் பிரிக்கும்போது அது கீழே இறங்கும், விலையும் இறங்கும். பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டாலும், நுரை என்றால் அடைபட்ட காற்று என்ற அந்தப் பாடம் இங்கும் பொருந்துகிறது.

நுரைக்கும் சுத்தத்துக்கும் நாம் நினைக்கும் அளவுக்குத் தொடர்பில்லை. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். அதனால் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. நீர் சிறு இடுக்குகளிலும் நுழைகிறது. சுத்தம் செய்வது இந்த வேலைதான். அதே மூலக்கூறுகள் காற்றைச் சுற்றி வரிசையாக நின்று உடையாத தோலாக மாறினால் நுரை நிலைக்கிறது. பாத்திரத் திரவத்தில் நுரை அதிகம் இருப்பதற்குக் காரணம் நாமே: நுரை வராவிட்டால் வாங்க மாட்டோம். முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்துக்கான சோப்பு நன்றாகவே வெளுக்கிறது, நுரைப்பதோ குறைவு.

சரி, நுரையை அடக்க ஏதாவது சேர்த்தால்? பருப்பு பொங்காமலிருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுவது அந்த வித்தைதான். எண்ணெய்த் துளி குமிழியின் தோலுக்குள் புகுந்து பரவி அதை உடைக்கிறது. தொழிற்சாலைகளில் சிலிக்கோன் எண்ணெயில் நுண்ணிய சிலிக்காத் தூள் கலந்து இதற்கே பயன்படுத்துகிறார்கள். ஆனால் பிரிண்டருக்கு இது ஆகாது. சிலிக்கோன் விட்டுச்செல்லும் மெல்லிய படலத்தில் மை சீராக ஒட்டாது, அதைக் கழுவி எடுப்பதும் கடினம். மை தயாரிப்பவர்கள் வேறு வழி பிடித்தார்கள். அசிட்டிலினிக் டையால் என்ற வகைப் பொருள்கள் நீரை எளிதில் பரவச் செய்யும், நிலையான தோலைக் கட்டாது. எவோனிக் நிறுவனத்தின் சர்ஃபினோல் இந்த வகையில் பெயர் பெற்றது. பிரிண்டருக்கென்றே விற்கும் திரவத்தை வாங்கினால், புட்டியைக் குலுக்கிப் பாருங்கள். நுரை சில நொடிகளில் அடங்கினால் நல்லது. நிமிடக்கணக்கில் நின்றால் வாங்காதீர்கள். குலுக்கிய புட்டியை உடனே பயன்படுத்த வேண்டாம், சிறிது நேரம் அப்படியே வையுங்கள்.

வினிகர் ஊற்றிக் கழுவுவோரும் உண்டு. இங்கும் ரப்பர் பாலை நினைத்துக்கொள்ளலாம். அமிலம் பட்டால் பால் கட்டியாகிறது. கட்டியாகாமல் வைக்க அம்மோனியா சேர்ப்பார்கள். பிக்மென்ட் மையும் நீரில் மிதக்கும் நுண்துகள்தான். பெரும்பாலும் சற்றே காரத்தன்மையில் அது நிலைத்திருக்கும். வினிகர் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, துவாரத்தை மேலும் இறுக்கிவிடும். அடர்த்தியான ஆல்கஹாலும் சில பிக்மென்ட் மைகளைத் திரளவைக்கும். டை வகை மை நீரிலேயே கரைந்திருப்பதால் அவ்வளவு அச்சமில்லை.

வீட்டில் செய்யக்கூடியது எளியது. முதலில் பிரிண்டரிலேயே உள்ள நாசில் செக் தாளை அச்சிட்டு, கிளீனிங் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை ஓட்டுங்கள். அதற்குமேல் ஓட்டுவது மையைக் கழிவுப் பஞ்சில் கொட்டுவதுதான். அந்தப் பஞ்சு நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும். ஹெட் ஒட்டிய கார்ட்ரிட்ஜ் என்றால், வெதுவெதுப்பான வாலை வடிநீரில் நனைத்த, நூல் உதிராத துணியில் அதன் முகத்தைச் சில நிமிடங்கள் வைத்து எடுங்கள். ஹெட் பிரிண்டருக்குள்ளேயே இருந்தால், அதே நீரோ தகுந்த திரவமோ நனைத்த தாளை அதன் அடியில் வைத்து இரவு முழுக்க விடலாம். ஊசிக்குழாய் பயன்படுத்தினால் காற்றை வெளியேற்றிவிட்டு மிக மெதுவாகத் தள்ளுங்கள். சுண்ணாம்பு மலையடிவாரக் கிணற்று நீர் வேண்டாம். அதில் சோப்பு நுரைக்காது என்பது உண்மை; ஆனால் சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து பிசுக்காகப் படியும்.

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவத்தைச் சிலர் நாடுகிறார்கள். அதில் நுரைப்பொருளும் வாசனையும் கலந்திருப்பதால் ஹெட்டுக்கு ஏற்றதல்ல. குளோரின் பிளீச்சோடு அம்மோனியா எந்தக் காரணத்துக்கும் சேரக்கூடாது. எழும் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

அடைத்திருப்பது மையா காற்றா என்று கண்டுபிடிக்க நாசில் செக் தாள்களையே அடுத்தடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெள்ளைக் கோடு ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் நின்றால் அங்கே மை காய்ந்திருக்கிறது, நனைக்க வேண்டும். கோடு இடம் மாறிக்கொண்டே இருந்தால் உள்ளே காற்று. அப்போது எதையும் ஊற்றாமல், பொத்தானை அழுத்தி முறையாக அணைத்து ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் மறுபடி ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள்.