உடைந்த செராமிக் கேப்: கழற்றாமலே ஒட்டுப்போடும் முறை

பல்லின்மேல் பொருத்திய செராமிக் கேப்பின் ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிட்டால், முழு கேப்பையும் அறுத்தெடுத்துப் புதிதாகச் செய்யவேண்டும் என்பதில்லை. வாயில் இருந்தபடியே, ஒரே அமர்வில் அதைச் சரிசெய்ய முடியும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதற்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. இந்தச் சிக்கலைத் தீர்க்க 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால், சிறுவயதில் எனாமல் உருவாகும்போதே அதிக ஃபுளோரைடால் ஏற்பட்ட பாதிப்பில் வந்த பழுப்புக் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கறை கடுமையாக இருந்தால் வெனீரோ (பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய ஓடு) கேப்போ போட்டு மறைப்பதுண்டு.

செராமிக் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. எலும்பைக் கடிப்பது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, கீழே விழுவது, கேப் சில இடங்களில் மெலிந்திருப்பது ஆகியவை சில் பெயரக் காரணங்கள்.

உடைந்த இடத்தில் வெளியே தெரிவது எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தே பழுதுபார்க்கும் முறை அமைகிறது. அது கண்ணாடித்தன்மையுள்ள செராமிக் என்றால், முதலில் ரப்பர் விரிப்பு கட்டி எச்சிலைத் தடுப்பார்கள். பிறகு, வழுக்கும் அம்மியைக் கொத்திவிடுவதைப் போல, வைரத் துகள் பதித்த சுழல்முனையால் (பர்) பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். அதன்மேல் ஹைட்ரோஃபுளோரிக் அமில ஜெல் தடவப்படும். அது கண்ணாடிப் பகுதியை அரித்து நுண்குழிகளை உண்டாக்கும். லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக்கால் ஆன கேப்புக்கு 5 சதவீத ஜெல் 20 விநாடி போதும். பழைய போர்சலினுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். கழுவி உலர்த்தியதும் பரப்பு பளபளப்பிழந்து மங்கலான வெண்மையாகத் தெரியும்.

அடுத்து சிலேன் பூசப்படும். இதன் மூலக்கூறு ஒரு முனையால் செராமிக்கிலுள்ள சிலிக்காவையும், மறுமுனையால் பிசினையும் பற்றிக்கொள்கிறது. அதன்மேல் ஒட்டுப்பசை பூசி, பல் நிறத்துக்கு ஏற்ற காம்போசிட் பிசினை 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியில் இறுகச்செய்வார்கள். கடைசியில் கடி சரிபார்த்து மெருகேற்றுவார்கள்.

கேப்பின் உள்ளடுக்கு உலோகமாக இருந்து அது வெளியே தெரிந்தால், அலுமினாத் துகளைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, உலோகத்துக்கான பிரைமரையும் கருமையை மறைக்கும் பூச்சையும் இடவேண்டும். சிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லாததால், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அங்கே பயனில்லை. சிலிக்கா பூசிய துகள்களும் எம்டிபி என்ற ஒட்டும் மூலக்கூறு அடங்கிய பிரைமரும் கைகொடுக்கும்.

அமிலம் ஈறில் பட்டால் ஊடுருவித் திசுவின் கால்சியத்தைப் பிணைத்துவிடும். வலி தாமதமாகவும் தெரியலாம். எனவே ஈறுக்குத் தடுப்புப் பூச்சு இடுவதும், கால்சியம் குளுகோனேட் ஜெல்லைக் கைவசம் வைத்திருப்பதும் அவசியம்.

இந்த ஒட்டு புதுக் கேப்புக்கு ஈடாகாது. காம்போசிட் காலப்போக்கில் நிறம் மாறும், தேயும். கேப்புக்கு அடியில் சொத்தை இருந்தாலும், விரிசல் கேப்பை ஊடுருவிச் சென்றாலும், அதே இடம் மீண்டும் மீண்டும் பெயர்ந்தாலும் கேப்பை மாற்றுவதே சரி. சில் சிறியதாகவும் மற்ற பகுதி உறுதியாகவும் இருந்தால், அடியிலுள்ள பல்லை மறுபடி ராவாமல் காப்பது இந்த ஒட்டுதான்.