லேப்டாப்பில் வெறும் கறுப்புத் திரையா? ‘ஃபார்மேட்’ போடும் முன் இதைச் செய்யுங்கள்!

கல்வராயன் மலையில் ஒரு லேப்டாப் மக்கர் செய்தால், அது ஒரு நாள் வேலை. வெள்ளிமலையில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். அங்கே கடைக்காரர், “ஃபார்மேட் போட்டாதான் சரியாகும்” என்றால், சான்றிதழ் ஸ்கேன், ப்ராஜெக்ட், குடும்பப் போட்டோ எல்லாமே போய்விடும்.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது; டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதில் அடிக்கடி வரும் சிக்கல், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரையே வராமல் இருட்டில் நின்றுவிடுவது.

திரை இருண்டால் மெஷினே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆன் செய்ததும் கம்பெனி லோகோ தெரிகிறதா? அப்படியானால் டிஸ்ப்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. படங்களைக் காட்டும் மென்பொருள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனும் சேர வேண்டும். எழுத்து மட்டுமே உள்ள திரை வரும். பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம்.

* இடம் இருக்கிறதா? ‘டிஎஃப்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஒற்றைச் சாய்கோடு மட்டும் உள்ள வரியில் 100 சதவிகிதம் என்றிருந்தால் டிஸ்க் நிறைந்துவிட்டது. தற்காலிக ஃபைல் எழுத இடமில்லாததால்தான் லாகின் திரை வரவில்லை. ‘சூடோ ஆப்ட் க்ளீன்’ கட்டளை, பழைய இன்ஸ்டால் ஃபைல்களை நீக்கி இடம் தரும்.

* அப்டேட்டின்போது கரன்ட் போனதா? பாதியில் நின்ற வேலையை முடிக்க வேண்டும். ‘சூடோ டிபிகேஜி’ அடித்து, இடைவெளி விட்டு இரண்டு சிறுகோடுகளுடன் ‘கன்ஃபிகர்’, மீண்டும் இடைவெளி விட்டு ஒரு சிறுகோட்டுடன் ‘ஏ’ சேர்த்து என்டர் தட்டுங்கள். பிறகு ‘சூடோ ரீபூட்’.

* எழுத்துத் திரையும் வரவில்லையா? ஆன் செய்ததும் வரும் மெனுவில் லினக்ஸ் வரியை நிறுத்தி ‘இ’ அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ சேர்த்து எஃப்10 தட்டுங்கள். திரை வந்தால், பழுது கிராஃபிக்ஸ் டிரைவரில். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், தைரியமாகச் செய்யலாம்.

எதுவும் பலிக்கவில்லையா? லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவில் லேப்டாப்பை இயக்கினால், ‘ஹோம்’ ஃபோல்டரில் உள்ளதை வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்துகொள்ளலாம். கடைக்கே போனாலும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: “அண்ணே, ஹோம் ஃபோல்டரை எடுத்துக் கொடுத்துட்டு அப்புறம் ஃபார்மேட் போடுங்க.”

லினக்ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். போட்டோவும் ப்ராஜெக்ட்டும் போனால் போனதுதான்!