பக்குவம் வயசிலா இருக்கிறது?

தொழிற்கல்வியில் சேர வருகிறவனுக்குப் பக்குவம் வயதால் வருகிறதா, பட்ட அனுபவத்தால் வருகிறதா? எங்கள் ஹாஸ்டலில் இரவு பதினொரு மணிக்கு அடிக்கடி நடக்கும் பட்டிமன்றம் இது. நடுவர் கிடையாது என்பதால் ஒரு நாளும் தீர்ப்பு வந்ததில்லை. என் சிற்றறிவுக்கு எட்டியதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். சேர 17 வயது நிரம்ப வேண்டும். பொதுப் பிரிவுக்கு 25-க்கு மேல் கூடாது என்று 2017-ல் வரம்பு வைத்தார்கள். வழக்கெல்லாம் நடந்து, 2022-ல் அந்த மேல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 2020-ல், ஒடிசாவில் 64 வயதான ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். நம் தர்மபுரியில் 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2022 ஜனவரி கலந்தாய்வு வரைக்கும் வந்துவிட்டு, சின்னப் பிள்ளை யாராவது படிக்கட்டும் என்று விட்டுக் கொடுத்தார். ஹாஸ்டலில் எல்லோரும் இவருக்குத்தான் கை தட்டினார்கள். எனக்கென்னவோ அந்த ஒடிசாக்காரரையும் குறைத்துச் சொல்ல மனசு வரவில்லை.

நம் பாலிடெக்னிக் சமாச்சாரம் இன்னும் சுவையானது. பத்தாவது முடித்து 15 வயதில் முதலாண்டு நுழைகிறோம். பிளஸ் டூ, ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேரே இரண்டாமாண்டுக்கு வருகிறார்கள். அப்படி எங்கள் மெக்கானிக்கல் வகுப்புக்கு வந்த அண்ணன் ஒருவர் லேத் பட்டறையில் மூணு வருஷம் வேலை பார்த்தவர். வெர்னியர் எடுக்காமலே விரலால் தடவி அளவு சொல்வார், நாங்கள் வாயைப் பிளந்து நிற்போம். ஆனால் சக் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சுருளைக் கையால் இழுப்பார்! பட்டறையில் எல்லாரும் அப்படித்தானாம். ஒரு நாள் வகுப்பிலேயே சின்னவன், "அண்ணே, மெஷினை நிறுத்திட்டு எடுங்கண்ணே" என்றான். அண்ணன் ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் மோட்டாரை நிறுத்தினார். சொன்னவனுக்கு 16, கேட்டவருக்கு 22. யாருக்கு மார்க் போடுவது?

என் கதைக்கு வருகிறேன். என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் பத்து வயசிலிருந்து நான்தான் படித்துச் சொல்வேன். அட்மிஷன் படிவத்தையும் நானே நிரப்பினேன். எந்தப் பிரிவு என்று கேட்கும் இடத்தில், கவுண்டரில் இருந்தவர் "பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாப்பா" என்றார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். "அவனையே கேளுங்க சார்" என்றார்.

அப்படிப்பட்ட நான் முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. ஊர்க்காரர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவனுக்கு, அப்பா முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல நாலு மாசம் ஆயிற்று. சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்:

"திருப்பி எழுத எவ்வளவுப்பா கட்டணும்?"