மெல்லடி ஷூ: மலையேறும் கால்களுக்கு எது பொருந்தும்?

புரட்டாசிச் சனிக்கிழமை விடியலில், பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பாலமலை அரங்கநாதரைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் முகங்களை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். வேண்டுதல் வைத்து வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் நிறையப் பேர். ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் அம்மாக்கள் உண்டு. அடி தடித்த ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட கல்லூரிப் பையன்கள் உண்டு. இவர்களுக்கு நடுவே இப்போது இன்னொரு வகையும் கண்ணில் படுகிறது. முன்பக்கம் வாத்துக் காலைப் போல அகன்று, அடி மட்டும் அப்பளம் போல மெலிந்த ஷூ. சிலவற்றில் கையுறையைப் போல ஐந்து விரலுக்கும் தனித்தனி உறைகூட இருக்கிறது.

கடைக்காரர்கள் இதை ‘பேர்ஃபுட் ஷூ’ என்கிறார்கள், இங்கே மெல்லடி ஷூ என்போம். வெறுங்காலில் நடக்கிற மாதிரியே இருக்கும், ஆனால் கல்லும் முள்ளும் குத்தாது என்பது விற்பனைப் பேச்சு. பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் ஜோடிகளும் உண்டு. வாங்கலாமா, இதைப் போட்டுக்கொண்டு வெள்ளியங்கிரி ஏறலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. உங்கள் கால் எப்படிப்பட்டது, நடக்கப்போகும் பாதை எப்படிப்பட்டது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

வழக்கமான மலையேற்ற ஷூவில் குதிகாலுக்குக் கீழே நுரைமெத்தை உயர்ந்திருக்கும், முன்பாதம் தாழ்ந்திருக்கும். மெல்லடி ஷூவில் குதியும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும். உள்ளங்கால் வளைவைத் தாங்கும் மேடு கிடையாது. சில மில்லிமீட்டர் ரப்பர்தான் அடி. கையால் சப்பாத்தி போலச் சுருட்டலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது முன்பக்கத்தின் அகலம். விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விரிந்து ஊன்ற இடம் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அடி எவ்வளவு மெல்லிது என்பதைவிட இந்த அகலத்துக்குத்தான் காசு கொடுக்கலாம்.

காரணம் நம் ஊர்க் கால்தான். நாம் இன்றும் கடையில் கேட்கும் ஏழு, எட்டு, ஒன்பது என்ற அளவுகள் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை அளந்தது. இந்தியர்களின் கால் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று அந்த அளவெடுப்பு காட்டியது. அகலம் போதாமல் நாம் நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம். ஷூவுக்குள் கால் முன்னும் பின்னும் வழுக்குகிறது. இறக்கத்தில் கட்டைவிரல் போய் முட்டுகிறது. வெள்ளியங்கிரி இறங்கி வந்த வாரத்தில் நகம் கறுத்துப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இந்தியக் காலுக்கென்று ‘பா’ என்ற பெயரில் புதிய அளவுமுறை ஒன்றும் முன்மொழியப்பட்டிருக்கிறது. அது கடைக்கு வந்து சேரும்வரை நம் காலை நாமே அளந்துகொள்ள வேண்டியதுதான்.

ஷூ காலை மாற்றுகிறதா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த யு.பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள், 4 முதல் 13 வயது வரையான 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை எடுத்துப் பார்த்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். காலணி போட்டவர்களிலும், முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம். செருப்பு போட்டவர்களுக்குக் குறைவு. 1995-இல் 1,846 பெரியவர்களிடம் நடந்த அடுத்த ஆய்விலும் இதே போக்குதான். 6 வயதுக்கு முன்பே ஷூ போடத் தொடங்கியவர்களில் 3.24 சதவீதம் பேருக்கும், 16 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் 1.75 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. தட்டைப் பாதம் இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் பாதத்தின் வளைவு உருவாகும் வயதில் காலை இறுக்கி மூடி வைக்காமல் இருப்பது நல்லது என்று இந்த எண்கள் சொல்கின்றன. உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், மாலையில் ஷூவைக் கழற்றிவிட்டு மண்ணில் விளையாட விடுங்கள்.

என் அப்புச்சியின் கால் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. விரல்கள் விசிறி போல விரிந்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்து விரலைத் தொடாது. குதிகாலில் பித்த வெடிப்பு, அதற்குள் தோட்டத்துச் செம்மண். அரைஞாண் கயிற்றில் ஒரு முள்வாங்கி எப்போதும் தொங்கும். கிளுவை வேலி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போகும்போது, “அடியப் பாத்து வெய்யி சாமி” என்பார். சொல்லிவிட்டு அவர் காலைப் பார்க்காமல்தான் நடப்பார். எங்கே ஊன்றலாம் என்பது அவருடைய பாதத்துக்கே தெரிந்திருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் வெறுங்கால் எல்லோருக்கும் விருப்பமாக அமைந்ததில்லை. செருப்பு வாங்கக் காசில்லாமல் நடந்தவர்கள் உண்டு. செருப்பு இருந்தும், ஊர்த்தெருவில் நுழையும்போது அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாதியின் பேரால் அவமானப்படுத்தப்பட்டவர்கள் உண்டு. ஈரமண்ணில் வெறுங்காலோடு வேலை செய்தவர்களின் தோல் வழியாகக் கொக்கிப்புழு ஏறி ரத்தசோகையில் கொண்டுபோய் விட்டது. ‘பாட்டன் காலத்தில் எல்லாரும் வெறுங்காலில் நடந்து சுகமாக இருந்தார்கள்’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அந்தக் கால்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்வோம், அந்த வறுமையைப் புகழ வேண்டாம்.

அந்தக் கால்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உணர்ச்சி. வெறுங்காலில் நடந்து நடந்து தோல் காய்த்துவிட்டால் உணர்ச்சி மங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கென்யாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, அப்படியில்லை என்று காட்டியது. காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் தரையின் அதிர்வை உணரும் நரம்புகளின் திறன் குறையவில்லை. காய்ப்பு காலைக் காக்கிறது, ஆனால் தரைக்கும் மூளைக்கும் இடையே திரை போடுவதில்லை. மெத்தை வைத்த ஷூ அந்தத் திரையைப் போடுகிறது. உருளும் கல் மேல் கால் பட்டதும், அது உருளும் முன்பே கணுக்கால் தானாகச் சரிசெய்துகொள்வது இந்த உணர்ச்சியால்தான். மெல்லடி ஷூவுக்கு நியாயமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான்.

அந்த உணர்ச்சி இல்லாத கால் என்னவாகும் என்பதை உலகத்துக்குக் காட்டியதும் தமிழ்நாடுதான். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். நோய் நேரடியாக விரல்களைத் தின்பதில்லை, வலி தெரியாததால் மனிதர்கள் அறியாமலே காலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள் என்று அவர் புரிய வைத்தார். அந்தக் கால்களுக்காக எம்.சி.ஆர். என்ற மென்ரப்பர் அடி வைத்த செருப்புகள் வந்தன. இன்று அதே எம்.சி.ஆர். செருப்பைத்தான் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்கள், பாதம் மரத்துப்போகிறவர்கள், மெல்லடி ஷூ பக்கமே போக வேண்டாம். மருத்துவமனையில் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி ‘தெரிகிறதா’ என்று கேட்பார்கள். ஐந்து நிமிடச் சோதனை. அதைச் செய்துகொள்ளாமல் வேண்டுதலுக்காக வெறுங்காலில் மலையேறுவதும் ஆபத்துதான். சாமிக்கு வேறு வேண்டுதல் வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பாதைக்கு வருவோம். பாலமலைப் பக்கம் அடிவாரம் முழுக்க முள்காடு. சீமைக்கருவேல முள் மூன்று நான்கு மில்லிமீட்டர் ரப்பரை ஊசி போலத் துளைத்து ஏறும். இங்கே கணுக்கால் வரை மூடிய, அடி கொஞ்சம் கனத்த மெல்லடி பூட்ஸ்தான் சரி. விரியன் பாம்புகள் உள்ள காடு என்பதாலும் கணுக்காலை மூடுவது நல்லது. ஆனால் பூட்ஸை நம்பிப் புதருக்குள் காலை விடாதீர்கள். குருடிமலைப் பக்கம் யானை வழித்தடங்கள் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. நடப்பதற்கு ஆசைப்படுகிறவர்களுக்காக 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. முதல் நடைக்கு அதில் சுலபமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

வெள்ளியங்கிரி வேறு மாதிரி. பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. ஒரு வழி ஏறத்தாழ 6 கிலோமீட்டர். படிக்கட்டு, வேர், உருளைக்கல், வழுக்குப்பாறை என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். பாறையில் பிடிமானம் தருவது ரப்பரின் தரமும் அடியில் உள்ள வெட்டுகளும்தான், தடிமன் இல்லை. ஏறும்போது மெல்லடி ஷூ சுகமாக இருக்கும். இறங்கும்போதுதான் பரீட்சை. மெத்தை இல்லாததால் ஒவ்வொரு படியின் அடியும் கெண்டைக்காலுக்கும் முழங்காலுக்கும் நேராகப் போகும். சின்னச் சின்ன எட்டாக வைத்து, அடிவாரத்துப் பூண்டியில் வாங்கும் மூங்கில் தடியில் பாரத்தைப் போட்டு இறங்க வேண்டும். முதுகில் கனமான பை இருந்தால் தடித்த அடியே உத்தமம்.

புது ஷூவோடு நேரே மலைக்குப் போகாதீர்கள். ஓடும் பழக்கம் உள்ள 36 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், 10 வாரங்களில் ஐந்துவிரல் ஷூவுக்கு மாறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோர்வை கூடியிருந்தது. எலும்பு விரிசலுக்கு அது முன்னறிகுறி. கால் தசையை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், ஐந்துவிரல் ஷூவைத் தயாரிக்கும் வைப்ரம் நிறுவனம் 2014-இல் தவறை ஒப்புக்கொள்ளாமலே 37.5 லட்சம் டாலர் தர உடன்பட்டது. முதல் வாரம் வீட்டைச் சுற்றிக் கால் மணி நேரம் போதும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, மூன்று நான்கு மாதம் கழித்து மலை. காலையில் எழுந்ததும் குதிகாலில் சுரீர் என்று குத்தினால் நிறுத்திவிடுங்கள். குதியைத் தூக்கி முன்காலால் நடக்க வேண்டும் என்று சிலர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அது ஓடுகிறவர்களைப் பற்றிய பேச்சு. நடக்கும்போது குதி முதலில் படுவதுதான் இயல்பு.

கடைக்கு மாலையில் போங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். ஷூவின் உள்அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். எந்த விரலாவது அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவை முறுக்கிப் பாருங்கள், துணி பிழிவது போல முறுக வேண்டும். காசு செலவழிக்கும் முன் பழகிப் பார்க்க, தட்டையான அடி உள்ள கேன்வாஸ் பி.டி. ஷூ போதும். ஆனால் அதன் முன்பக்கம் குறுகல்.

பழுதைப் பற்றியும் யோசியுங்கள். அடி பிரிந்த என் மெல்லடி ஷூவைப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க, இதுல அடியே இல்லீங்களே, தையல எங்க போடறது?” என்றார். பசை போட்டு ஒட்டித் தந்தார், இரண்டு மாதம் தாங்கியது. மெக்சிகோவின் ராராமுரி மக்கள் பழைய டயர் ரப்பரில் வார் கட்டிய செருப்போடு மலைகளில் நெடுந்தூரம் ஓடுவதை 2009-இல் வந்த ஒரு புத்தகம் உலகமெங்கும் பேச வைத்தது, இந்த ஷூக்களின் விற்பனையும் கூடியது என்று அவரிடம் சொன்னேன். “டயர் செருப்புங்களா? நம்மூர்ல போடாத ஆளு யாருங்க” என்றார்.

எனக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்றேன். சைஸ் என்ன என்று அவர் கேட்கவில்லை. ஒரு அட்டையை எடுத்துத் தரையில் போட்டு, “ஏறி நல்லா ஊனி நில்லுங்க” என்று சொல்லி, விரல்கள் விரியும்வரை காத்திருந்தார். பிறகு பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தார். இடது காலை வரைந்து முடித்ததும் அட்டையைத் திருப்பிப் போட்டு, வலது காலையும் தனியாக வரைந்துகொண்டார்.