கருமமும் கருவியும்: இரு பழைய கமெராக்கள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

உளியும் வாளும் இரும்பினாற் செய்யப்பட்டவையே. எனினும் தச்சன் வாளை வேண்டான். மறவன் உளியை நாடான். ஒரு கருவியின் சிறப்பு முழுவதும் அக்கருவியினிடத்தே அமைந்து கிடப்பதன்று. அது செய்யவேண்டிய கருமத்தோடு இயைத்து நோக்கும்போதே அச்சிறப்பு விளங்கும். இவ்வுண்மை மிக எளியது. ஆயினும் பொருள் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் மறந்துவிடுவதும் இதுவே. “இவ்விரண்டினுள் எது சிறந்தது?” என்பதே அவர் முதலிற் கேட்கும் வினா. “எதற்குச் சிறந்தது?” என்னும் வினா பணம் கைமாறிய பின்னரே பலர்க்கு எழுகின்றது.

ஒளிப்படக்கலையைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர் ஒருவர்க்கு இம்மறதி பெருந் தீங்காக முடிதல் கூடும். புதிய கமெராவின் விலை அவர் கைக்கு எட்டாததாயின், முன்னர்ப் பிறர் ஆண்ட பழைய கமெராவொன்றையே அவர் நாடுவர். சேமித்த பொருள் முழுவதையும் அதற்கே செலவிடுவர். தெரிவு பிழைத்தால் மற்றொன்று வாங்க வழியில்லை. மணமகன் தாலி கட்டும் கணமும், ஓட்டக்காரன் எல்லைக் கயிற்றைத் தொடும் கணமும் படம் பிடிப்பவனுக்காக மீண்டும் ஒருமுறை நிகழ்வனவுமல்ல. ஆதலின், ஒரே ஆண்டிற் பிறந்து, ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்கப்பெற்று, வெவ்வேறு கருமங்களுக்குச் சிறந்து விளங்கிய இரு கமெராக்களை இங்கு எடுத்து ஒப்பிடுதல் பயனுடைத்து. அவை நிக்கொன் டி700, கனன் இ.ஓ.எஸ். 5டி மார்க் 2 என்பன. இரண்டும் யப்பானியக் கம்பனிகளின் ஆக்கங்கள். முன்னையது 2008 யூலை மாதத்திலும் பின்னையது அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்திலும் அறிவிக்கப்பெற்றன. வில்லையின்றி உடலுக்கு மட்டும் அமெரிக்காவில் அன்று குறிக்கப்பட்ட விலை, நிக்கொனுக்கு ஏறத்தாழ 3,000 டொலர். கனனுக்கு ஏறத்தாழ 2,700 டொலர்.

இரண்டிற்கும் பொதுவான இயல்புகள்

இவையிரண்டும் ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமெரா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. வில்லையினூடாகப் புகும் ஒளியைச் சாய்ந்து நிற்கும் ஆடியொன்று மேனோக்கித் தெறிக்கச் செய்கின்றது. மேலேயுள்ள ஐம்பக்க அரியம் அவ்வொளியைத் திருப்பி, நேரான விம்பமாகக் கண்ணுக்குக் காட்டுகின்றது. விசையை அழுத்தியதும் ஆடி மேலெழும்; அதன்பின் உள்ள ஷட்டர் என்னும் திரை திறக்கும்; ஒளி பின்புறத்தே சென்று விழும். முற்காலத்தில் அவ்விடத்திற் பிலிம் சுருள் இருந்தது. இலக்கமுறைக் கமெராவில், ஒளியை மின்னாக மாற்றும் நுண்ணிய கலங்கள் நிரை நிரையாக அமைந்த உணரி இருக்கின்றது. இக்கலங்களே படப்புள்ளிகளுக்கு மூலமாவன.

இவ்விரு கமெராக்களிலும் உணரியின் பரப்பு பழைய பிலிம் சட்டத்தின் அளவினதே. அஃதாவது அகலம் 36 மில்லிமீற்றர், உயரம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். அக்காலத்து மலிவான கமெராக்கள் இதனிற் பாதிக்கும் குறைந்த பரப்புடைய உணரியையே கொண்டிருந்தன. பரப்புப் பெரிதாயின் ஒருமுறை திறக்கும்போது ஏற்கும் ஒளியும் மிகும். மழை பெய்யும்போது முற்றத்தில் வைத்த அண்டாவுக்கும் செம்புக்கும் உள்ள வேறுபாடே இது. இவ்வியல்பில் இரண்டும் ஒத்தன. ஷட்டர் ஒரு செக்கனின் 8,000இல் ஒரு பங்கு வரை விரைந்து இயங்குவதிலும், அது 1,50,000 முறை இயங்கத்தக்கதெனச் செய்தோர் கூறியதிலும் இரண்டும் ஒத்தனவே. வேறுபாடு தொடங்குவது படப்புள்ளிகளின் தொகையிலாகும்.

தொகையும் நுட்பமும்

நிக்கொனின் படத்தில் 4,256க்கு 2,832 என்ற கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 21 இலட்சம் புள்ளிகள் உள. கனனில் 5,616க்கு 3,744 என்ற கணக்கில் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் புள்ளிகள் உள. ஒன்று மற்றொன்றின் ஒன்றே முக்கால் மடங்கு. இதனைக் கேட்டோர் கனனின் படம் ஒன்றே முக்கால் மடங்கு தெளிவுடையதென எண்ணுதல் இயல்பு. ஆனால் அவ்வெண்ணம் பிழையானது. புள்ளிகள் பரப்பின்மீது பரந்து கிடப்பவை. நுணுக்கத்தைக் கண் அளப்பதோ நீளத்தால். ஒரு பக்கத்தில் உள்ள புள்ளிகளை ஒப்பிட்டால் மிகுதி மூன்றிலொரு பங்களவே. நீள அளவில் நுணுக்கம் இருமடங்காதற்குப் புள்ளித்தொகை நான்கு மடங்காதல் வேண்டும்.

அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் செவ்விய அச்சுக் கணக்கின்படி, நிக்கொனின் படம் ஏறத்தாழ 14 அங்குல அகலத்துக்கு அச்சிடத்தக்கது. கனனின் படம் ஏறத்தாழ 18¾ அங்குல அகலத்துக்கு அச்சிடத்தக்கது. குடும்பப் படத்தொகுப்புக்கும் செய்தித்தாளுக்கும் சஞ்சிகைக்கும் முன்னையதே அமையும். சுவரில் மாட்டும் பெரிய நிலக்காட்சிக்கும், ஒரு படத்தின் சிறு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பெருப்பிக்கும் தேவைக்கும், பழைய ஏடுகளையும் நிலப்படங்களையும் எழுத்துச் சிதையாமற் படியெடுக்கும் பணிக்கும் பின்னையதே ஏற்றது. நோக்குச் சாளரத்திற் காண்பதும் படத்தில் விழுவதும் ஒத்திருத்தலில் கனன் நூற்றுக்கு 98 பங்கும், நிக்கொன் நூற்றுக்கு 95 பங்கும் உண்மையானவை. ஏட்டின் விளிம்போடு ஒட்டிப் படமெடுப்பார்க்கு இச்சிறு வேறுபாடும் பொருளுடையது.

இருளும் ஒளியும்

ஒரே பரப்பைக் குறைந்த தொகையாகப் பகுத்தமையால், நிக்கொனின் கலங்கள் ஒன்றற்கொன்று ஏறத்தாழ 8½ மைக்கிரோமீற்றர் இடைவெளியில் அமைந்தன. கனனின் கலங்கள் 6½ மைக்கிரோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் அமைந்தன. பெரிய கலம் மிகுதியான ஒளியை ஏற்கும். ஆகவே மங்கிய ஒளியில் தோன்றும் மணற்பரப்புப் போன்ற இரைச்சல் அதிற் குறையும். இது கொண்டு நிக்கொன் இருளில் மிகவும் மேம்பட்டதெனச் சிலர் முடிவு செய்வர். ஆயினும் இரு படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டு நோக்கின், கனனின் நுண்புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலும் தணிந்துவிடும். எனவே நிக்கொனின் மேன்மை உண்மையாயினும் சிறியதே. இரண்டிலும் ஒளியுணர்திறன் இயல்பாக ஐ.எஸ்.ஓ. 6,400 வரையும், நீட்டித்து 25,600 வரையும் செல்லும்.

கனனின் குறையொன்றை இவ்விடத்தே கூறுதல் தகும். படத்தின் இருண்ட பகுதிகளைப் பின்னர்க் கணினியில் வலிந்து வெளிச்சமாக்கினால், கோடு கோடாக ஒரு வகைத் தடம் அவற்றிற் புலப்படும். நிக்கொனில் இத்தொல்லை குறைவு. ஆதலின் வெயிலும் நிழலும் கடுமையாக மாறுபடும் இடத்திற் கனனை ஆள்வோர், எடுக்கும்போதே ஒளியளவைச் செவ்வையாகக் கணித்தல் இன்றியமையாதது.

விரைவு

அசையும் பொருளைப் பற்றுவதிலேயே இரண்டும் பெரிதும் பிரிகின்றன. நிக்கொன் டி700, 2007ஆம் ஆண்டு வெளிவந்த டி3 என்னும் பெருங் கமெராவின் உணரியையும் குவியப்படுத்தும் பொறியையும் தழுவி ஆக்கப்பட்டது. அப்பொறிக்கு 51 குவியப் புள்ளிகள் உள; அவற்றுள் 15 புள்ளிகள் கிடைக்கோட்டையும் நிலைக்கோட்டையும் ஒருங்கே உணரும் குறுக்கு வகையின. கனனுக்கு வெளிப்படையான குவியப் புள்ளிகள் 9. நடுப்புள்ளி ஒன்றே குறுக்கு வகையினது. அந்நடுப்புள்ளி மங்கிய ஒளியிலும் நம்பத்தக்கதாயினும், ஓரப் புள்ளிகள் அவ்வாறல்ல. ஆதலின் கனனை ஆள்வோர் நடுப்புள்ளியாற் குவியப்படுத்திய பின் சட்டத்தை நகர்த்திக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டனர். அமர்ந்திருப்பாரைப் படமெடுக்க அது போதும்; ஓடுவாரைப் படமெடுக்கப் போதாது.

செக்கனுக்கு எடுக்கும் படங்கள் நிக்கொனில் 5. வேறாக வாங்கும் மின்கலப் பிடியையும் அதற்குரிய மின்கலத்தையும் பூட்டினால் 8. கனனில் 3.9. இவ்வெண்களின் பொருள் யாது? செக்கனுக்கு 8 மீற்றர் ஓடும் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்க. கனனில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அவன் 2 மீற்றருக்கு மேல் ஓடிவிடுவான். மின்கலப் பிடி பூட்டிய நிக்கொனில் அவ்விடைவெளி 1 மீற்றர். மார்பு கயிற்றைத் தொடும் கணம் அவ்விடைவெளிக்குள் மறைந்து போமா, படத்தில் அகப்படுமா என்பதை இவ்வொரு மீற்றரே தீர்மானிக்கின்றது.

அசையும் படம்

நிக்கொன் டி700 விடியோப் படம் எடுக்கமாட்டாது. கனன் 5டி மார்க் 2, 1,920க்கு 1,080 புள்ளிகள் கொண்ட முழு நுட்ப விடியோவை எடுக்கவல்லது. தெறிப்புக் கமெராவில் விடியோவை முதலில் அமைத்தது 2008 ஓகத்து மாதத்தில் அறிவிக்கப்பெற்ற நிக்கொன் டி90 ஆயினும், அதன் நுட்பம் குறைந்தது, உணரியும் சிறியது. பெரிய உணரியானது பின்னணியை மெல்ல மங்கச் செய்து முகத்தை மட்டும் தெளிவாக நிறுத்தவல்லது. அவ்வழகு அதுவரை விலைமிக்க திரைப்படக் கமெராக்களுக்கே உரியதாய் இருந்தது. கனன் அதனைச் சிறு பொருளுடையார்க்கும் உரியதாக்கிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ஹவுஸ், தன் ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியை 2010 மே மாதத்தில் ஒளிபரப்பியது. அப்பகுதி இக்கமெராவினாலேயே எடுக்கப்பட்டது.

இதிலும் குறைகள் இல்லாமலில்லை. வெளிவந்தபோது செக்கனுக்கு 30 சட்டங்கள் என்னும் ஒரே வேகமே இருந்தது. 24, 25 என்னும் வேகங்கள் 2010 மார்ச்சு மாதத்து மென்பொருட் திருத்தத்தினால் வந்தன. முழு நுட்பத்தில் ஒரு தொடர்ச் சுருள் ஏறத்தாழ 12 நிமிடங்களுக்கு மேற் செல்லாது. கமெராவை விரைந்து திருப்பினால் நேரான தூணும் சாய்ந்து தோன்றும். எனவே நாடகத்தையோ சொற்பொழிவையோ முழுமையாகப் பதிவு செய்ய இது தகாது. காட்சி காட்சியாக எடுத்துப் பின் தொகுக்கும் குறும்படத்துக்கே தகும்.

வில்லைகளும் உடலும்

கமெராவின் உடல் பழையதாகும். நல்ல வில்லை நெடுங்காலம் வாழும். நிக்கொனின் வில்லைப் பூட்டு 1959ஆம் ஆண்டிலும், கனனின் வில்லைப் பூட்டு 1987ஆம் ஆண்டிலும் தோன்றியவை. 1977ஆம் ஆண்டு முதல் வந்த நிக்கொனின் ஏ.ஐ. வகை வில்லைகளை டி700இற் பூட்டினால் ஒளியளவீடும் செவ்வனே நிகழும். தந்தையின் பழைய வில்லைகள் பெட்டியில் உறங்குமாயின் அவை மீண்டும் உயிர்பெறும். கனனிற் பூட்டிலிருந்து உணரிக்குள்ள தூரம் 44 மில்லிமீற்றர், நிக்கொனில் 46.5. ஆதலின் இடையே ஒரு வளையத்தை வைத்து நிக்கொன் வில்லையைக் கனனிற் பூட்டலாம். கையாற் குவியப்படுத்தல் வேண்டும். மாறாகக் கனன் வில்லையை நிக்கொனில் அவ்வாறு பூட்டித் தூரப்பொருளைத் தெளிவாகக் காணல் இயலாது.

நிக்கொனின் உடல் 995 கிராம். கனனின் உடல் 810 கிராம். மலையேறி நிலக்காட்சி எடுப்பார்க்கு இவ்வேறுபாடு தோளில் தெரியும். நிக்கொனிற் சிறு மின்னொளி விளக்கு உடலிலேயே அமைந்துள்ளது, கனனில் அஃதில்லை.

பழையதை வாங்குவோர் நோக்கவேண்டியன

இரு கமெராக்களும் இப்பொழுது செய்யப்படுவதில்லை. வாங்குமுன் ஷட்டர் எத்துணை முறை இயங்கியுள்ளது என அறிதல் முதற் கடமை. நிக்கொனில் அத்தொகை ஒவ்வொரு படக்கோப்பினுள்ளும் பதிந்திருக்கும். கனனிற் கமெராவைக் கணினியோடு இணைத்து உரிய மென்பொருளாற் படித்தல் வேண்டும். டி700இன் பிடியிலுள்ள இறப்பர் உறை காலப்போக்கில் தளர்ந்து கழல்வது வழக்கம். அது சிறு குறையே. வில்லையின் துவாரத்தைச் சுருக்கித் தெளிந்த வானத்தைப் படமெடுத்தால் உணரியிலுள்ள தூசும் கீறலும் புலனாகும். மின்கலம் வீங்கியதாயின் விலக்குக. இரண்டும் கொம்பக்ட் பிளாஷ் அட்டையையே ஏற்பன. அதனைப் படிக்கும் கருவியையும் சேர்த்தே விலை கணித்தல் வேண்டும்.

முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். விளையாட்டு, ஊர்வலம், செய்தி, மங்கிய மண்டபத்து மணவிழா முதலிய, மீண்டும் வாராத கணங்களைப் பற்றவேண்டுவார்க்கு நிக்கொன் டி700 தக்கது. நிலக்காட்சி, படக்கூடத்து உருவப்படம், ஏடு படியெடுத்தல், குறும்படம் என்னும் இவற்றை ஆறியிருந்து செய்வார்க்குக் கனன் 5டி மார்க் 2 தக்கது. முன்னையது கணத்துக்கு உரியது. பின்னையது நுணுக்கத்துக்கு உரியது.

இவ்வுண்மையைச் செய்தோரும் உணர்ந்திருந்தனர் எனலாம். 2012ஆம் ஆண்டில் நிக்கொன் வெளியிட்ட டி800, 3 கோடியே 63 இலட்சம் புள்ளிகளையும் விடியோவையும் பெற்றது. ஆனால் அதன் விரைவு செக்கனுக்கு 4 படங்களாகக் குறைந்தது. அதே ஆண்டிற் கனன் வெளியிட்ட 5டி மார்க் 3 புள்ளித்தொகையைச் சிறிதே கூட்டி, 61 குவியப் புள்ளிகளையும் செக்கனுக்கு 6 படங்கள் என்னும் விரைவையும் பெற்றது. ஒவ்வொன்றும் மற்றையதன் சிறப்பை நாடிச் சென்றது. டி700இன் விரைவை நம்பியிருந்தோர் பலர், புதியது வந்த பின்னரும் பழையதைக் கைவிட்டாரல்லர். அவர் தம் கருமம் யாதென அறிந்திருந்தனர். ஆதலால் புதியதன் பெரிய எண் அவரை மயக்கவில்லை. கருவி வாங்கப் புறப்படுவோர் கடைக்குச் செல்லுமுன் தம்மைத்தாமே கேட்டுத் தெளியவேண்டுவதும் அதுவே.