முடிவில்லா ஆட்டத்தின் முடிவு

நுழையும்முன்

விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. கூர்ந்து நோக்கவும், கணக்கிடவும், தவறியபின் மீண்டும் முயலவும் அது கற்பிக்கிறது. பழைய வீட்டுக் கணினி விளையாட்டு ஒன்றின் இறுதி எல்லையைக் காண மாந்தர் முப்பத்து நான்கு ஆண்டுகள் முயன்ற வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

கல்லும் கட்டமும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில், விதுராவைக் கடந்தால் கல்லாறு வரும். ஊரின் பெயரும் ஆற்றின் பெயரும் ஒன்றே. பெயருக்கேற்ப ஆற்றுப்படுகை முழுவதும் உருண்டைக் கற்கள் நிறைந்துள்ளன. அக்கற்களை அடுக்கிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். எந்தக் கல்லை எங்கே வைப்பது என்பதில்தான் அடுக்கின் உறுதி இருக்கிறது. கீழே விட்ட இடைவெளி மேலே சரிவாக வெளிப்படும்.

இதே உண்மையின்மேல் அமைந்த கணினி விளையாட்டுதான் டெட்ரிஸ். 1984ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் இதனை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய எலெக்ட்ரானிக்கா 60 என்னும் கணினியால் படம் வரைய இயலாது. ஆதலால் அடைப்புக்குறிகளையே கட்டங்களாக்கி அவர் ஆட்டத்தை அமைத்தார். கிரேக்க மொழியில் ‘டெட்ரா’ என்றால் நான்கு. அச்சொல்லுடன் தமக்குப் பிடித்த டென்னிஸ் விளையாட்டின் பெயரையும் சேர்த்து ‘டெட்ரிஸ்’ என்று பெயரிட்டார்.

இந்தியாவில் 1990களில் சிறுவர்களாக இருந்த பலர், கையடக்கக் கருவியில் ‘செங்கல் விளையாட்டு’ என்ற பெயரில் இதனை ஆடியிருப்பர். பெற்றோரிடம் கேட்டால் நினைவுகூர்வர்.

ஆட்டத்தின் விதி

நான்கு சதுரங்களை ஒட்டினால் கிடைக்கும் ஏழு வடிவங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழும். ஆட்டக்களம் 10 கட்ட அகலமும் 20 கட்ட உயரமும் உடையது. விழும் வடிவத்தைத் திருப்பலாம். இடமும் வலமும் நகர்த்தலாம். ஒரு வரிசை இடைவெளியின்றி நிரம்பினால் அது மறைந்துவிடும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும்.

1989ஆம் ஆண்டு நிண்டெண்டோ நிறுவனம், தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் தன் வீட்டுக் கருவிக்காக இவ்விளையாட்டை வெளியிட்டது. அதன் தொடக்க நிலையில் ஒரு வரிசையை நீக்கினால் 40 புள்ளிகள் கிடைக்கும். நான்கு வரிசைகளை ஒருசேர நீக்கினாலோ 1200 புள்ளிகள். நான்கு முறை தனித்தனியே நீக்கினால் கிடைப்பது 160 மட்டுமே. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு, நீண்ட வடிவம் வரும்வரை பொறுத்திருப்பர். பொறுமைக்கு உரிய பயன் உண்டு. ஆனால் அடுக்கு உயர்ந்துகொண்டே போகும் இடரும் உண்டு.

மதில்போல் நின்ற 29ஆம் நிலை

இவ்விளையாட்டில் ‘வெற்றி’ என்று ஒரு முடிவு வைக்கப்படவில்லை. நிலை உயர உயர வடிவங்கள் விழும் வேகமும் கூடும். 29ஆம் நிலையை அடையும்போது, வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில், ஒவ்வொரு முறையும் வடிவம் ஒரு கட்டம் இறங்கும். அதாவது, 20 கட்டங்களையும் வினாடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும்.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் வடிவம் ஒரு கட்டம் நகர்ந்து, சற்றே தாமதித்து, அதன்பின் வினாடிக்குப் பத்துக் கட்டம் என்ற அளவில் நகரும். தாமதத்தை நீக்கிக் கணக்கிட்டாலும், வடிவம் தரையைத் தொடுவதற்குள் மூன்று அல்லது நான்கு கட்டங்களே நகர்த்த முடியும். நடுவில் தோன்றும் வடிவம் ஓரத்தை அடைய ஐந்து கட்டம் நகர வேண்டும். ஆகவே ஓரங்கள் காலியாகவே கிடக்க, நடுப்பகுதி உயர்ந்து ஆட்டம் முடிந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 29ஆம் நிலையே மனிதருக்குரிய எல்லை என்று ஆட்டக்காரர்கள் நம்பினர்.

கை கண்ட வழி

அந்நம்பிக்கையை முதலில் தகர்த்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த தோர் ஆக்கர்லண்ட். பொத்தானை அழுத்திப் பிடிக்காமல், கட்டைவிரலை அதிரச் செய்து மிக விரைவாகத் தட்டும் முறையால் அவர் 2011ஆம் ஆண்டு 30ஆம் நிலையை எட்டிக் காட்டினார். 2018ஆம் ஆண்டு நடந்த உலகப் போட்டியில், ஏழு முறை வாகை சூடிய ஜோனஸ் நியூபவரை 16 வயது ஜோசப் சேலி வென்றார். அவரும் தட்டும் முறையையே கையாண்டார். ஆயினும் அம்முறை கைத்தசைகளைப் பெரிதும் களைப்படையச் செய்தது.

சில ஆண்டுகளில் கிறிஸ்டோபர் மார்டினெஸ் என்பவர் வேறொரு வழியைச் செம்மைப்படுத்தினார். ஒரு கையின் கட்டைவிரல் பொத்தானின்மேல் மெல்லப் படிந்திருக்கும். மற்றொரு கையின் விரல்கள், கடம் வாசிப்பவரின் விரல்களைப் போல, கருவியின் அடிப்பக்கத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும். ஒவ்வொரு தட்டும் கருவியை மேலே தள்ளுவதால் பொத்தான் கட்டைவிரலில் மோதி அழுந்தும். இவ்வாறு வினாடிக்கு 20 முறை வரை அழுத்த இயன்றது. கருவி மாறவில்லை, கருவியைப் பிடிக்கும் முறையே மாறியது.

நிரலுக்குள் நோக்கியவர்கள்

விரல்களால் முயன்றோர் ஒருபுறமிருக்க, விளையாட்டின் நிரலையே படித்து ஆராய்ந்தோர் மறுபுறம் இருந்தனர். அவர்கள் ஒரு குறையைக் கண்டறிந்தனர். புள்ளிகளை நிலை எண்ணால் பெருக்க வேண்டிய இடத்தில், அந்நிரல் மீண்டும் மீண்டும் கூட்டியே விடை காண்கிறது. நிலை எண் 10 ஆயின் சில கூட்டல்கள் போதும்; 155 ஆயின் நூற்றுக்கு மேற்பட்ட கூட்டல்கள் தேவை. திரை அடுத்த முறை புதுப்பிக்கப்படுவதற்குள் அக்கணக்கு முடியாவிட்டால், நிரல் வழி தவறி உறைந்து நின்றுவிடும். 2021ஆம் ஆண்டு ‘ஸ்டாக்ரேபிட்’ என்னும் கணினி நிரல் இவ்விளையாட்டைத் தானே ஆடி 237ஆம் நிலைவரை சென்றது. உயர்ந்த நிலைகளில் என்ன நிகழும் என்பதை அம்முயற்சி மனிதருக்கு முன்கூட்டியே காட்டியது.

138ஆம் நிலைக்குப்பின் வண்ணங்களும் தாறுமாறாகும். சில நிலைகளில் வடிவங்கள் கருமைப் பின்னணியில் ஏறக்குறைய மறைந்தே போகும். அவற்றையும் கடந்தால்தான் இறுதியைக் காணலாம்.

2023, டிசம்பர் 21

அந்நாளில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் வில்லிஸ் கிப்சன் ஆடத் தொடங்கினான். ஏறத்தாழ 38 நிமிடங்கள் ஆடி, 1511 வரிசைகளை நீக்கி, 157ஆம் நிலையை அடைந்தான். ஒரு வரிசை நிரம்பிய அக்கணத்தில் திரை உறைந்து நின்றது. தோற்காமல் ஆடி, இம்மூல விளையாட்டை அது செயலிழக்கும் இடம்வரை கொண்டுசென்ற முதல் மனிதன் என்ற பெருமை அவனுக்குக் கிடைத்தது.

அவ்வெற்றி ஒருவனுக்கு மட்டும் உரியதா? விரலைத் தட்டக் காட்டியவர் ஒருவர். கருவியைத் தட்டக் காட்டியவர் ஒருவர். நிரலைப் படித்துக் கூறியவர்கள் பலர். ஒவ்வொருவரும் தாம் கண்டதை மறைக்காமல் பிறருக்கு உரைத்தனர். அவர்கள் அடுக்கிய வரிசைகளின்மேல் அச்சிறுவன் தன் வரிசையை வைத்தான். 2024ஆம் ஆண்டு மைக்கேல் ஆர்டியாகா, உறையாதபடி திருத்திய வடிவில் 255ஆம் நிலையையும் கடந்தார். அப்போது நிலை எண் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பியது. இயலாது என்று ஒரு தலைமுறை கைவிட்ட எல்லை, அடுத்த தலைமுறைக்குத் தொடக்கக் கோடாயிற்று.

சொல்லும் பொருளும்

மாந்தர் – மக்கள்
மதில் – உயர்ந்த சுற்றுச்சுவர்
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
சுழியம் – பூச்சியம்

பயிற்சி

1. நீண்ட வடிவத்துக்காகக் காத்திருப்பதன் நன்மை யாது? இடர் யாது?
2. வினாடிக்கு 20 முறை பொத்தானை அழுத்தினால், வடிவம் 20 கட்டங்கள் விழுவதற்குள் எத்தனை கட்டம் பக்கவாட்டில் நகர்த்தலாம்? ஓரத்தை அடைய அது போதுமா?
3. ‘கருவி மாறவில்லை, கருவியைப் பிடிக்கும் முறையே மாறியது.’ இதனை உம் சொற்களில் விளக்குக.
4. உம் பெற்றோர் சிறுவயதில் ஆடிய விளையாட்டு ஒன்றன் விதிகளைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.