அணா போச்சு, பைசா வந்தது

"நாலணா", "எட்டணா" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாலணா என்றால் 25 பைசா. எட்டணா என்றால் 50 பைசா. இந்த அணா எங்கே போயிற்று? பைசா எப்படி வந்தது?

ஊருக்கு ஒரு காசு

ரூபாய் பழைய நாணயம். டில்லியை 1540 முதல் 1545 வரை ஆண்டவர் ஷேர்ஷா. அவர் வெள்ளியில் ஒரு காசு அடித்தார். அதற்கு ரூபாய் என்று பெயர். அதன் எடை சுமார் பதினொன்றரை கிராம்.

ஆனால் எல்லா ஊரிலும் ரூபாய் செல்லவில்லை. சென்னையில் வராகன், பணம், காசு என்ற நாணயங்கள் இருந்தன. 42 பணம் ஒரு வராகன். 80 காசு ஒரு பணம். டச்சுக்காரர்கள் இலங்கையை ஆண்டபோது அங்கே அவர்களுடைய செப்புக்காசு புழங்கியது. அதன் பெயர் டொய்ட். நாம் சொல்லும் "துட்டு" அதிலிருந்து வந்ததாம்.

ஊருக்கு ஒரு காசு இருந்தால் என்ன ஆகும்? வெளியூர் போனால் காசை மாற்ற வேண்டும். மாற்றுகிறவர் கழிவு பிடிப்பார். கணக்குத் தெரியாதவருக்கு நஷ்டம்தான்.

1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சட்டம் செய்தது. தன் ஆட்சி நடக்கும் இடமெல்லாம் ஒரே ரூபாய் என்றது. ஹைதராபாத், திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்கள் தங்கள் சொந்தக் காசையும் வைத்திருந்தன.

கஷ்டமான கணக்கு

ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஒரு பொருளின் விலை 5 அணா 4 தம்பிடி. ஏழு வாங்கினால் எவ்வளவு? முதலில் 12ஆல் வகுக்க வேண்டும். பிறகு 16ஆல் வகுக்க வேண்டும். விடை 2 ரூபாய் 5 அணா 4 தம்பிடி. படித்தவருக்கே தலை சுற்றும்!

அதனால் 1955இல் டில்லியில் நாடாளுமன்றம் புதிய சட்டம் செய்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 பைசா. பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்க இதை "நயா பைசா" என்றார்கள். நயா என்றால் இந்தியில் புதிய என்று பொருள். 1964 ஜூன் 1 முதல் "நயா" போயிற்று. வெறும் பைசா ஆயிற்று.

ஒரு பைசாவில் ஏமாற்றம்

பழைய காசும் புதிய காசும் சில காலம் சேர்ந்தே புழங்கின. அங்கேதான் சிக்கல். ஒரு அணாவுக்குச் சரியாக ஆறேகால் பைசா. கால் பைசா நாணயம் கிடையாது. அதனால் சட்டப்படி ஒரு அணாவுக்கு 6 பைசா. இரண்டு அணாவுக்கு 12. மூன்று அணாவுக்கு 19. நாலணாவுக்கு 25.

ஓரணாப் பொருளுக்குக் கடைக்காரர் 7 பைசா கேட்டால்? நான்கு முறை வாங்கினால் 28 பைசா ஆகும். நாலணாவுக்கு உரியது 25 பைசாதான். 3 பைசா நஷ்டம். கூலி வேலை செய்கிறவருக்கு அன்று அது பெரிய காசு. கணக்குத் தெரிந்தவர் கேள்வி கேட்டார். தெரியாதவர் கேட்டதைக் கொடுத்தார்.

டச்சுக்காரர்களின் நாட்டிலும் இதே கதைதான். அங்கே பல நூற்றாண்டுகளாகக் கில்டர் இருந்தது. 2002 ஜனவரி 1 அன்று யூரோ நாணயமும் நோட்டும் வந்தன. மொத்தம் 12 நாடுகளுக்கு ஒரே பணம். ஒரு யூரோவுக்கு 2.20371 கில்டர். "இதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றிவிட்டார்கள்" என்று அங்கும் மக்கள் முணுமுணுத்தார்கள்.

நம் நாட்டில் 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. காசு மாறும். நோட்டு மாறும். கணக்குத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

நீங்களே கணக்குப் போடுங்கள்: பன்னிரண்டு அணா என்றால் எத்தனை பைசா?